காட்சிக் குப்பி

வேலங்கண்டல் ஆதார வைத்தியசாலையின் பாம்புக்கடி வார்ட்டுக்கு மூன்று வருடமாகக் கேட்டும் கிடைக்காத வர்ணம் இரண்டே நாளில் கிடைத்துவிட்டது. பச்சையிலும் சேராத மஞ்சளிலும் சேராத ஒரு நிறம். அது காயுமுன்பே அமைச்சரின் படத்தை அதன்மேல் ஒட்டிவிட்டார்கள். கிளிநொச்சிக் கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து வாடகைக்கு வந்த பூச்சாடிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. கழிப்பறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. பக்கத்தில் புதுச் சவர்க்காரம்கூட இருந்தது.

"அதைப் பிரிச்சுப் போடாதேங்கோ டொக்டர்" என்றாள் வார்ட்டுத் தாதி மிஸ்ஸி. "நாளைக்கு விழா முடியத் திருப்பிக் குடுக்க வேணுமாம்."

டொக்டர் தர்மினி சவர்க்காரத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள். இந்த வார்ட்டுக்குப் பொறுப்பாக அவள் வந்து பதினொரு வருடம். கோபப்படுவதெல்லாம் முதல் இரண்டு வருடத்தோடு முடிந்துவிட்டது. இப்போது அவளுக்கு வருவது அருவருப்பு மட்டுந்தான். கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிடலாம். அருவருப்பு அப்படிப் போகாது, தொண்டையிலேயே தங்கிவிடும்.

வார்ட்டின் நடுவில், பிளாஸ்டிக் உறையும் கழற்றாமல், சிவப்பு நாடா சுற்றி இருந்தது பெட்டி. ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டி அளவு. வந்து நாலு மாதம். அமைச்சருக்குத் தோதான நாள் கிடைக்கவில்லை. நாள் கிடைத்தபோது நல்ல நேரம் கிடைக்கவில்லை. ஆகவே உலகத்திலேயே மிகப் புதிய எதிர்விஷப் பெட்டி வன்னிப் புழுதியில் போர்த்துக்கொண்டு தூங்கியது.

முன்பெல்லாம் குதிரைக்குப் பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுப்பார்கள். இந்தப் பெட்டிக்குக் குதிரையும் வேண்டாம், பாம்பும் வேண்டாம். கடித்த பாம்பின் விஷ வரைபடம் உள்ளே இருந்தால் போதும். அரை மணித்தியாலத்தில் அந்த விஷத்துக்கென்றே அளந்து தைத்ததுபோல மருந்தைச் செய்து ஒரு குப்பியில் தந்துவிடும். ஒரு ஆளுக்கு ஒரு குப்பி. அதற்குமேல் தேவையில்லை.

சிக்கல் அந்த வரைபடத்தில்தான். வன்னியில் ஊர்கிற கண்ணாடிப் புடையனும் இராமநாதபுரத்தில் ஊர்கிற கண்ணாடி விரியனும் பார்வைக்கு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். விஷம் மட்டும் வேறு வேறு. வன்னிப் புடையனைப் பிடித்து, விஷம் எடுத்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்தறிந்தவள் தர்மினி. அதை எந்தப் பூட்டுப் போட்டுப் பூட்டலாம் என்று கணக்குப் பார்த்தவர் கடலுக்கு அந்தப் பக்கத்து ஆய்வுகூடத்திலிருந்த இசக்கிராஜா. ஆளுக்குப் பாதி. இரண்டு பாதியும் சேர்ந்தால் ஒரு வரைபடம்.

சேரப்போகும் நேரத்தில்தான் இரண்டு அரசாங்கத்துக்கும் விஞ்ஞானத்தின்மேல் திடீரென்று காதல் வந்தது. முதலில் அந்தக் கரைக்காரர்கள் ஒரு தேசிய அறிவியல் தொழில்நுட்ப வியூகத்தை வெளியிட்டார்கள். எட்டு மாதத்தில் இந்தக் கரைக்காரர்களும் வெளியிட்டார்கள். இரண்டிலும் ஒரே வாசகம் இருந்தது: தேசத்தின் உயிர்த் தரவு தேசத்தின் எல்லையைத் தாண்டலாகாது. தாண்டினால் சிறை. தர்மினியின் பாதி, அவளிடம் ஒரு நகலும் விடாமல், கொழும்பில் முத்திரை வைத்துப் பூட்டப்பட்டது. இசக்கிராஜாவின் பாதி டில்லியில் பூட்டப்பட்டது. பாம்புகள் வழக்கம்போல வயலில் இருந்தன.

விழாவுக்கு முதல்நாள் மத்தியானம் வியூக சபையின் பணிப்பாளர் கலாநிதி சிறிபத்மன் கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்புக் குலையாத மனிதர். கெட்டவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. தர்மினி நல்லூரில் படித்த காலத்தில் அவர் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே. சொல்லப்போனால் அந்த வியூகத்தை முழுதாக நம்பிய ஒரே ஆளும் அவராகத்தான் இருக்கவேண்டும்.

"கலாநிதி, பெட்டிக்குள்ள வரைபடம் ஒண்டும் இல்லை" என்றாள் தர்மினி. "நாளைக்கு மினிஸ்டர் பொத்தானை அமத்தினா என்ன வரும்? காத்துத்தான் வரும்."

"அதெல்லாம் பெட்டி செய்த கொம்பனிக்காரர் பாப்பினம் டொக்டர். நாளைக்குக் காட்சி முறையில ஓடும்."

"காட்சி முறை எண்டா?"

"கண்காட்சியளில ஓட்டிக் காட்டுவினமே, அது. எல்லாம் வடிவா நடக்கும், நீங்கள் யோசிக்காதேங்கோ."

தர்மினிக்கு விளங்கிவிட்டது. போன வருடம் இதே ஊரில் குடிநீர்த் திட்டம் திறந்தார்கள். அமைச்சர் குழாயைத் திருகத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. தாங்கிக்குப் பின்னால் மறைத்து நிறுத்தியிருந்த தண்ணீர் பௌசர் வண்டி அன்று பின்னேரமே புறப்பட்டுப் போனது, தண்ணீரும் அதோடு போனது. பள்ளிக்கூடத்தில் கணினிக் கூடம் திறந்தபோது பெட்டிகளுக்குள் கணினியே இருக்கவில்லை, வெறும் கூடு. நூலகத்துப் புத்தகங்கள் வவுனியாவிலிருந்து இரவல் வந்தவை. நாளை இந்தப் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் வரும், எல்லோரும் கைதட்டுவார்கள்.

"சரி, நீங்கள் படம் காட்டுங்கோ. எனக்கு ஒரு வசனம் போதும். விஷ வரைபடத்தை மட்டும் பக்கத்து நாட்டோட மாத்திக்கொள்ளலாம் எண்டு வியூகத்தில ஒரு வசனம் சேருங்கோ. அறுவடை தொடங்கிட்டுது. தற்சார்பு எண்டு சொல்லித் தை மாசத்தோட அங்கயிருந்து வந்த குதிரை மருந்தையும் நிப்பாட்டிப் போட்டியள். அது அவையின்ர பாம்புக்குச் செய்தது, அரைகுறைதான், எண்டாலும் இருபது குப்பி ஏத்தினா ஒரு ஆள் தப்பும். இப்ப என்னட்ட மிச்சம் எட்டு."

சிறிபத்மன் பொறுமையாகத் தலையசைத்தார். "அவையின்ர வியூகத்திலயும் அதே பிரிவு இருக்கே டொக்டர். நாங்கள் மட்டும் திறந்து விட்டா என்னெண்டு? பிராந்திய விஞ்ஞானச் சுட்டெண்ணில அவை எங்களுக்கு மூண்டு இடம் முன்னுக்கு நிக்கினம். இந்த வருசம் முந்தப்போறம். இப்ப போய் வசனத்தில கை வைக்க ஏலாது."

"புடையன் கடிச்சுச் சாகிறதுக்கும் ஒரு சுட்டெண் இருக்கோ? அதில ஆர் முந்தினம்?"

அவர் சட்டைக் கையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். தர்மினி மேசையிலிருந்த வியூகப் புத்தகத்தைப் பிரித்தாள். தலையணைக்கு வைத்துப் படுக்கலாம் போன்ற தடிமன். "இதைச் சொல்லுங்கோ. பனிமலைப் பிரதேசங்களில உயிரியல் அவதான நிலையங்கள் எண்டு போட்டிருக்கிறியள். எங்கட நாட்டில பனிமலை எங்க இருக்கு?"

"அது… அச்சுப் பிழை."

ஒரு பந்தி முழுவதும் அச்சுப் பிழை. தர்மினி புத்தகத்தை மூடிவிட்டுக் கையைக் கழுவப் போனாள். சவர்க்காரம் இல்லாமல்தான் கழுவினாள்.

பின்னேரம் இசக்கிராஜாவை அழைத்தாள். திருநெல்வேலிக்காரர், ஐம்பது வயது, பாம்பைப் பற்றிப் பேசினால் மட்டும் குரல் இளகும். சட்டப்படி அவர்கள் இருவரும் வானிலை பற்றித்தான் பேசலாம்.

"என்ன மேடம், உங்க ஊர்லயும் நாளைக்கா? எங்க ஊர்லயும் நாளைக்குத்தான். அதே பெட்டி. பந்தல் போட்டாச்சு, யானை வருது."

"பெட்டி திறக்கிறதுக்கு யானை ஏன் சேர்?"

"மந்திரி வாராருல்லா."

தர்மினி பனிமலைக் கதையைச் சொன்னாள். இசக்கிராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்களப் பாத்துக் காப்பி அடிச்சிருப்பாங்க மேடம். எங்களுக்காவது இமயமலை இருக்கு, ஒத்துக்கிடலாம். ஆனா எங்க வியூகத்துல துருவ மான் வளர்ப்புன்னு ஒரு பாரா கிடக்கு, கேட்டீங்களா. அத எவன்கிட்ட இருந்து அடிச்சாங்கன்னுதான் எங்க யாருக்கும் தெரியல."

சிரிப்பு அடங்கியது. தர்மினி கேட்டாள். "சேர், ஒரு அவசரம் எண்டு வந்தா உங்கட பாதியை எனக்கு அனுப்புவீங்களோ?"

அவர் யோசிக்கவே இல்லை. "அனுப்பிருவேன். என்கிட்ட ஒரு நகல் இருக்கு. பிடிச்சு உள்ள வச்சா வச்சிட்டுப் போறாங்க. ஆனா என் பாதிய மட்டும் வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க? உங்க பாதி கொழும்புலல்லா பூட்டிக் கிடக்கு."

விடிந்து கொஞ்ச நேரத்தில் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் புஸ்பவதியைக் கொண்டு வந்தார்கள். முப்பத்தெட்டு வயது. அறுவடை இயந்திரம் விட்டுப்போன வரம்போரக் கதிரை அரிவாளால் அறுக்கப் போனவள். கணுக்காலுக்கு மேல் இரண்டு பல். புருஷன் தவராசா செத்த பாம்பை உரப்பைக்குள் போட்டுக் கொண்டு வந்திருந்தார். உடம்பு முழுக்கச் சங்கிலி போட்டது மாதிரி வளையங்கள். கண்ணாடிப் புடையன்.

தர்மினி அவளது இரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் வைத்தாள். இருபது நிமிடத்தில் அது உறைந்து கட்டியாகவேண்டும். சரித்துப் பார்த்தபோது தண்ணீர்போல ஓடியது. புடையன் விஷம் உடம்புக்குள் போனால் இரத்தத்தின் உறைகிற சக்தியை எல்லாம் ஒரேயடியாகச் செலவழித்துவிடும். அதற்குப்பிறகு எங்கே கசிந்தாலும் நிற்காது. புஸ்பவதியின் பல் முரசில் ஏற்கெனவே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"டொக்டர், வீட்டில அடுப்பில பால் வச்ச மாதிரி விட்டுட்டு வந்தனான்" என்றாள் புஸ்பவதி. "இவருக்கு ஒண்டும் தெரியாது, வீடு பத்தப்போகுது. கெதியா விடுவீங்களோ?"

"கெதியா விடுவன் அக்கா" என்று சொல்லிவிட்டு எட்டுக் குப்பியையும் ஏற்றினாள். மறுபடி குழாய். மறுபடி ஓடியது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் அங்கேயும் மருந்து முடிந்து ஒரு கிழமை. சிறுநீரகத்துக்காவது ஏதும் பார்ப்பார்கள் என்று அம்புலன்ஸைக் கேட்டாள். அது அமைச்சரின் வாகனத் தொடரில், பதினேழாவது வாகனமாக, ஏ ஒன்பது வீதியில் வந்துகொண்டிருந்தது. அமைச்சருக்கு நெஞ்சு வலித்தால் வேண்டுமாம். அந்த நெஞ்சுக்குள் என்ன இருந்து வலிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே தர்மினி பந்தலுக்கு ஓடினாள்.

சிறிபத்மன் குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கலாநிதி, உள்ளுக்கு ஒரு மனிசி செத்துக்கொண்டிருக்கிறா. என்ர பாதியைத் திறந்து விடுங்கோ. மற்றப் பாதி எனக்கு வரும். எப்பிடி எண்டு கேக்காதேங்கோ. பெட்டி இங்க இருக்கு, ஒரு மணித்தியாலத்தில மருந்து எடுத்துப் போடுவன்."

அவருடைய முகம் உண்மையாகவே வாடியது. "திறக்கிறதுக்கு அமைச்சரவை உபகுழு கூட வேணும் டொக்டர். நான் தனியச் செய்ய ஏலாது. பெட்டியும் சுபநேரத்துக்கு முந்தித் தொட ஏலாது, நாடா வெட்ட வேணும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நோயாளியைப் பின்பக்க அறைக்கு மாத்திப்போட்டால் நல்லது. கமராக்காரர் வார்ட்டுக்குள்ள வருவினம், இரத்தம் தெரியும்" என்றார்.

தர்மினி காலடியில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தைப் பார்த்தாள். அங்கேயே, அந்தக் கம்பளத்தின்மேலேயே, வாந்தி எடுத்தால் என்ன என்றுகூட நினைத்தாள். ஆனால் திரும்பிப் போய்ப் புஸ்பவதியின் கட்டிலைத் தானே தள்ளிப் பின்பக்க அறைக்குக் கொண்டுபோனாள். கமராவுக்காக இல்லை. அந்தக் கூட்டத்தின் முகங்களைப் புஸ்பவதி பார்க்கவேண்டாம் என்பதற்காக.

மேளம் கேட்டது. அமைச்சர் வந்துவிட்டார். அறைக்கதவுக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு கண்ணாடித் தடுப்புத்தான் என்பதால் எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. மாலைகள் விழுந்தன. விளக்கை மூன்று பேர் ஏற்றினார்கள், நாலாவது ஆளுக்குத் திரி போதாமல் போனதில் ஒரு சிறு மனத்தாங்கல் நடந்து தீர்ந்தது. பிறகு நாடா வெட்டினார்கள், பிளாஸ்டிக் உறை கழன்றது, பெட்டியின் திரையில் வரிசையாகப் பாம்புப் படங்கள் தோன்றின.

அமைச்சரின் விரல் முதல் படத்துக்குப் போனது. நல்லபாம்பு. செயலாளர் பாய்ந்து கையைப் பிடித்தார். "சேர், சுபநேரத்தில நாகத்தில கை வைக்கக் கூடாது. சர்ப்பதோஷம்." கூட்டம் அதை மரியாதையோடு ஆமோதித்தது. அமைச்சர் விரலை இழுத்துக்கொண்டு, வளையம் வளையமாக வடிவாயிருந்த அடுத்த படத்தை அழுத்தினார். கண்ணாடிப் புடையன்.

பெட்டி உறுமத் தொடங்கியது. அந்த அரை மணித்தியாலத்துக்கும் பேச்சுக்கள் இருந்தன. உறுமல் நின்றபோது, விரல் உயரத்தில், கண்ணீர்போலத் தெளிவாக ஒரு குப்பி வெளியே வந்தது. கைதட்டு கூரையைத் தூக்கியது.

சிறிபத்மன் அதை இரண்டு கையாலும் ஏந்தி உயர்த்தினார். ஒலிபெருக்கியில் அவர் குரல் தழுதழுத்தது. "மரியாதைக்குரியவர்களே, இது விளையாட்டுப் பொருளில்லை. இது உண்மையான மருந்து. எங்கள் வன்னிப் புடையனுக்கு எங்கள் மருந்து. ஒரு குப்பி, ஒரு உயிர்!"

'த்தூ' என்றாள் தர்மினி. சத்தமாகவே சொன்னாள். மிஸ்ஸி திரும்பிப் பார்த்தாள்.

குப்பியை ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, வார்ட் வாசலில் நிறுத்தினார்கள். 'தேசத்தின் முதல் குப்பி' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. எல்லோரும் அதோடு நின்று படம் எடுத்தார்கள். பிறகு சாப்பாட்டுக்குப் போனார்கள்.

புஸ்பவதிக்குத் தலையிடி தொடங்கியிருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை. தவராசா கட்டில் காலடியில் நின்று, கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்த பேழையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டொக்டர்… புடையன் மருந்தெண்டுதானே சொன்னவை. அதை இவவுக்குப் போட ஏலாதோ?"

தர்மினி அவரைப் பார்த்தாள். இந்த மனிதனின் நம்பிக்கையை எடுத்துத்தானே அவர்கள் மாலை கட்டிப் போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வந்தது. வரைபடத்தின் ஒரு பாதி கொழும்பில். மறுபாதி கடலுக்கு அப்பால். அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டிக்குள் மருந்து இருக்க வழியே இல்லை.

"தவம் அண்ணை, அது மருந்தில்லை" என்றாள். "படம் எடுக்கிறதுக்கு வச்ச தண்ணி. குடிநீர்த் திட்டம் திறந்த அண்டைக்குக் குழாயில வந்தது மாதிரி."

"ஓ" என்றார் தவராசா. அந்தத் தண்ணீரைப் பிடிக்க அன்று அவரும் வாளியோடு போனவர்தான். பேழைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அரை மணித்தியாலம் கழித்துப் புஸ்பவதிக்கு வலிப்பு வந்தது. பிறகு நினைவு தவறியது. அம்புலன்ஸ், அமைச்சர் சாப்பிட்டுக் கை கழுவியதும் விடுவிக்கப்பட்டு, வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் வாசலுக்கு வந்தது. அதற்குள் மிஸ்ஸி துணியால் புஸ்பவதியின் முகத்தை மூடிவிட்டாள்.

தர்மினி அழவில்லை. அழுதால் ஆறிவிடும், ஆறக்கூடாது என்று தோன்றியது. நேரே வாசலுக்குப் போய், பேழையைத் திறந்து, மல்லிகைச் சரத்தை உருவிக் குப்பைக்கூடைக்குள் எறிந்துவிட்டுக் குப்பியை எடுத்தாள். இது வெறும் தண்ணீர் என்று பரிசோதித்து, படம் பிடித்து, ஊர் உலகமெல்லாம் பார்க்கப் போடப்போகிறாள். வேலை போகட்டும்.

அவளுடைய உறைகுளிர்ப் பெட்டியில் வன்னிப் புடையனின் விஷம் கொஞ்சம் இன்னும் இருந்தது. பரிசோதனை சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். உடம்புக்குள் போனால்தான் அந்த விஷம் இரத்தத்தைத் தண்ணீராக்கும். வெளியே, குழாய்க்குள், நல்ல இரத்தத்தில் ஒரு துளி விட்டால் கண்மூடித் திறக்குமுன் இரத்தம் கட்டியாகிவிடும், அவ்வளவு அவசரம் அதற்கு. ஆகவே இரண்டு குழாய். ஒன்றில் விஷம் மட்டும். மற்றதில் அதே விஷத்தோடு இந்தக் குப்பித் தண்ணீர் கொஞ்சம். இரண்டிலும் அவளுடைய சொந்த இரத்தம். குப்பியில் இருப்பது தண்ணீர்தான் என்றால் இரண்டும் ஒன்றாகவே உறைந்துபோகும். மிஸ்ஸியிடம் போனைக் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னாள்.

முதல் குழாயைச் சரித்தாள். இரத்தம் வெல்லப்பாகுபோல இறுகி அசையாமல் நின்றது.

இரண்டாவது குழாயைச் சரித்தாள். இரத்தம் ஓடியது.

கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தாள். மறுபடியும் ஓடியது. மூன்றாவது தடவை விஷத்தை இரட்டிப்பாக விட்டுப் பார்த்தாள். அப்போதும் இரத்தம் குழாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சாவதானமாக ஓடியது. விஷம் பூட்டப்பட்டுவிட்டது. பதினொரு வருடத்தில் இவ்வளவு சுத்தமாகப் பூட்டிய மருந்தை அவள் பார்த்ததில்லை.

"நிப்பாட்டட்டோ டொக்டர்?" என்று கேட்டாள் மிஸ்ஸி, போனைப் பிடித்தபடி. தர்மினிக்குக் காது கேட்கவில்லை.

சிறிபத்மன் ஏப்பம் விட்டுக்கொண்டே உள்ளே வந்தார். குப்பியைக் கொழும்பு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகவேண்டுமாம். பேழை வெறுமையாயிருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டவர், குப்பி தர்மினியின் மேசையில் திறந்து கிடப்பதைக் கண்டு பதறிவிட்டார். "என்ன டொக்டர் இது! உடைச்சுப் போட்டியளே!"

"இதுக்குள்ள மருந்து என்னெண்டு வந்தது?" தர்மினியின் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "வரைபடம் இல்லாமல் என்னெண்டு வந்தது?"

"வரைபடம் கொம்பனியிட்ட இருக்குத்தானே."

"எங்கட பாதியா?"

"ரெண்டு பாதியும். அவைதானே டொக்டர் எங்களுக்கு வியூகம் எழுதித் தந்தவை. தரவைப் பாக்காமல் என்னெண்டு எழுதுறது? கேட்டவை, முழுக்கக் குடுத்தனாங்கள். அந்தக் கரைக்கும் அவைதான் எழுதிக் குடுத்தவை. அவையும் குடுத்திருப்பினம்." அவர் ஒளிக்கவேயில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது என்ற முகத்தோடு சொன்னார். "காட்சி முறையில எல்லாப் பாம்பும் இருக்கும். சாமானை விக்கிறதுக்கு ஓட்டிக் காட்ட வேணுமே. நாளுக்கு ஒரு குப்பிதான் வரும். மற்றபடி ஓட்ட உரிமம் எடுக்கவேணும், அது அடுத்த வருசம் பாப்பம்."

பனிமலையும் துருவ மானும் எங்கிருந்து வந்தன என்று தர்மினிக்கு இப்போது தெரிந்தது. பனியும் மானும் உள்ள ஏதோ ஒரு நாட்டுக்கு எழுதியதை எடுத்து, பெயரை மாற்றி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆளுக்கு ஒன்றாக விற்றிருக்கிறார்கள்.

"அப்ப எல்லை தாண்டக் கூடாதெண்ட சட்டம்?"

"அது பக்கத்து நாட்டுக்கு எதிரான சட்டம் டொக்டர். கொம்பனிக்கு எதிரா இல்லையே."

தர்மினி குப்பியின் மூடியை இறுக்கினாள். "காலமை உங்களிட்ட வந்து கெஞ்சினனான். இதைச் சொல்லியிருக்கலாமே. இது வரும் எண்டு ஒரு வார்த்தை…"

"சொன்னனானே!" சிறிபத்மனுக்கு மெய்யாகவே விளங்கவில்லை. "மேடையில வச்சு எல்லாருக்கும் முன்னால சொன்னனான். உண்மையான மருந்து, வன்னிப் புடையன் மருந்து எண்டு. நீங்கள் கதவடியிலதானே நிண்டனீங்கள். கேக்கேல்லையோ? நீங்கள் வந்து எடுப்பியள் எண்டு நினைச்சன். வரேல்லை. மனிசி தப்பியிட்டுதாக்கும் எண்டு நான் சாப்பிடப் போனனான்."

அவர் நீட்டிய கையில் தர்மினி குப்பியை வைத்தாள். முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். குப்பைக்கூடையிலிருந்து மல்லிகை மணத்தது. தர்மினிக்கு அந்த மணத்தைச் சகிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அருவருத்து அருவருத்து, அவர்கள் சொல்வதில் ஒரு சொல்லைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளாத ஒருத்தியாகத் தன்னை வளர்த்து வைத்திருந்தாள். அவர்கள் பொய் மட்டுமே சொல்வார்கள் என்பதை அவர்களைவிட உறுதியாக நம்பினாள். இன்று வாழ்நாளில் ஒரு தடவை உண்மை சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே கூசியது.

வாசலில் வாடகைப் பூச்சாடிகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கிடையில் சிமெந்துப் படியில் தவராசா உட்கார்ந்திருந்தார். மடியில் புஸ்பவதியின் செருப்பு. உரப்பைக்குள் இருந்த பாம்பை யாரோ எடுத்துப் புதைத்துவிட்டார்கள், பை மட்டும் காலடியில் கிடந்தது.

"டொக்டர், இவவின்ர பொடியைக் கொண்டுபோக அந்த அம்புலன்ஸைத் தருவினமோ?" என்று எழும்பிக்கொண்டே கேட்டார்.

"தருவினம். நான் சொல்லிப்போட்டன். இருங்கோ." தர்மினியும் அதே படியில் உட்கார்ந்தாள். சொல்லாமலே விட்டுவிடலாம். சொன்னால் என்ன வரப்போகிறது, இந்த மனிதன் இன்னொரு தடவை சாகவேண்டியதுதான் என்றும் நினைத்தாள். ஆனால் சொல்லாமல் விடுவது எப்படிப்பட்டவர்களின் வேலை என்று அவளுக்குத் தெரியும்.

"தவம் அண்ணை, மத்தியானம் ஒண்டு கேட்டீங்கள். அந்தக் குப்பியைப் போட ஏலாதோ எண்டு."

"ஓம்."

"அது தண்ணி இல்லை. மருந்துதான். நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

தவராசா அவள் பக்கம் திரும்பினார். திட்டுவார், எழும்பி அடிப்பார் என்று தர்மினி காத்திருந்தாள். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவர் செருப்பைத் திருப்பி அதன் அடியில் ஒட்டியிருந்த வயல் சேற்றை நகத்தால் சுரண்டினார்.

"மேடையில சொல்லேக்க நான் நம்பினனான்" என்றார். "பிறகு நீங்கள் சொன்னீங்கள். அவையை விட நீங்கள் எங்கட ஆள் எண்டு, நீங்கள் சொன்னதைத்தான் நம்பினன்."

லொறிக்காரன் கடைசிப் பூச்சாடியை ஏற்றிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினான். உள்ளே கழிப்பறையில் தண்ணீர் நின்றுபோயிருந்தது.